பண்ணை இறாலும் எமது மருந்து அலுமாரியும்



சென்ற மாதம் எம்மிடம் வந்த ஓர் அம்மா, தன்னுடைய இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், கதவடியில் நின்று திரும்பி, "டொக்டர், இன்னொண்டு கேக்கவேணும்" என்றார். கதவடியில் கேட்கப்படும் கேள்விதான் நோயாளி வந்த உண்மையான காரணம் என்பது எல்லா வைத்தியர்களுக்கும் தெரிந்த சங்கதி. அவருடைய மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பண்ணையில் வளர்க்கும் மீனுக்கும் இறாலுக்கும் அன்ரிபயோட்டிக் கொட்டுகிறார்கள், அதைத் தின்றால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, புற்றுநோய் வரும் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு வந்ததாம். "அண்டைக்கே மீன் வாங்கிறதை விட்டிட்டம். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதெண்டு சுறா வறை மட்டும் செய்து குடுத்தனான். சுறா கடல்மீன்தானே டொக்டர், அதில மருந்து இராதுதானே?"

அவரைத் திரும்பவும் இருக்கச் சொன்னோம். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்கவேண்டும் என்று இந்நாட்டுச் சுகாதார சேவை சொல்லும் மீன்களில் முதலாவது சுறா. வாள்மீனும் மார்லினும் கூட அப்படியே. மற்ற மீன்களைத் தின்று நீண்டகாலம் வாழும் பெரிய மீன்கள் என்பதால் இவற்றின் தசையில் பாதரசம் சேர்கிறது. அது கருவின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக் கூடியது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா கொடுத்தால் பால் ஊறும் என்று எமது ஆச்சிமார் சொன்னதை நாம் கேலி செய்ய வரவில்லை. ஆனால் பாலூட்டும் காலத்திலும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்பதே இங்குள்ள ஆலோசனை. மருந்துக்குப் பயந்து எல்லா மீனையும் நிறுத்திய வீட்டில், நிறுத்தியிருக்கவேண்டிய மீன் மட்டும் சட்டியில் இருந்திருக்கிறது.

அந்த ஒலிப்பதிவு முழுப் பொய்யாக இருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திராது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பயப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தைக் காட்டுகிறது என்பதே எமது அபிப்பிராயம்.

ஊரில் இருந்த காலத்தில் இறால் என்றால் கடனீரேரியில் வலைபோட்டுப் பிடித்தது. விடியச் சந்தைக்கு வரும், மத்தியானம் குழம்பாகிவிடும். லண்டனில் எமது கடைகளின் குளிர்ப்பெட்டியில் கிடக்கும் இறாலில் பெரும்பகுதி குளத்தில் வளர்ந்தது. இந்தியா, பங்களாதேஷ், வியட்நாம், எக்குவடோர் என்று பல நாடுகளிலிருந்து வருகிறது. இந்தியாவில் ஆந்திரக் கரையே இதில் முதலிடம். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் பக்கமும் பண்ணைகள் உண்டு. இலங்கையில் புத்தளம், சிலாபம் பகுதிகளே இறால் பண்ணைக்குப் பேர்போனவை.

ஒரு குளத்தில் இலட்சக்கணக்கான குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, நாளுக்குப் பலதடவை தீனி போடுகிறார்கள். தின்றது போக மிஞ்சிய தீனியும் கழிவும் அடியில் சேற்றோடு படியும். அங்கே கிருமி பெருகும். இறாலுக்கு எம்மைப்போல ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஆகவே பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றவும் முடியாது. நோய் வந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுக்க இயலுமா? தீனியில் கலக்கிறார்கள், அல்லது தண்ணீரில் கொட்டுகிறார்கள். நோய்பட்ட இறால் தீனி தின்னாது. மருந்தைத் தின்பது சுகமாய் இருக்கும் இறால்தான். மிச்சம் சேற்றில் இறங்கும், அறுவடையின்போது தண்ணீரோடு வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகும்.

1996 இல் புத்தளம், சிலாபம் பண்ணைகளை வெண்புள்ளி நோய் அழித்தது. சில நாட்களுக்குள் குளமே செத்து மிதக்கும் நோய் அது. கடன்பட்டுக் குளம் வெட்டியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வெண்புள்ளி நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். வைரசுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது, விற்கும் கடைக்காரன் "இதைப் போட்டுப் பாருங்கோ" என்று ஒரு பக்கெற்றை நீட்டினால் எந்த விவசாயி வேண்டாமென்பான்? உலகில் எங்கெல்லாம் இறால் குளம் உண்டோ அங்கெல்லாம் நடந்த கதை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் இதற்கு எதிராக முதலில் குரல் கொடுத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசெம்பர் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை வலயத்துக்குள் இருந்த இறால் குளங்களை அகற்றும்படி தீர்ப்பளித்தது. வயலும் கிணறும் உவர்ப்பாவதும், குளத்துக் கழிவுநீர் வெளியே விடப்படுவதுமே அங்கே பெரிய விவகாரம். பின்னர் 2005 இல் வந்த சட்டம் கடலோரப் பண்ணைகளைப் பதிவுசெய்து நடத்த வழிவிட்டது. அச்சட்டத்தின்படி அமைந்த ஆணையம் சென்னையிலிருந்து இயங்குகிறது. பண்ணைகளில் பயன்படுத்தக் கூடாத அன்ரிபயோட்டிக்குகளின் பட்டியலும் அதனிடம் உண்டு.

அந்தப் பட்டியலில் உள்ள இரண்டு பெயர்கள் எமக்குப் பழக்கமானவை: குளோரம்பெனிக்கோல், நைட்ரோபியூரான். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் ஆசிய இறாலில் கண்டுபிடித்து எச்சரிக்கைக்குமேல் எச்சரிக்கை விட்டது இவற்றுக்காகத்தான். பங்களாதேஷ் 2009 இல் தானாகவே ஆறு மாதங்களுக்கு நன்னீர் இறால் ஏற்றுமதியை ஐரோப்பாவுக்கு நிறுத்தியதும் நைட்ரோபியூரானால்தான். 2016 இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறாலில் பரிசோதிக்கும் பங்கை 10 வீதத்திலிருந்து 50 வீதமாக உயர்த்தியது. இதில் ஒரு சிறு அநியாயமும் நடந்தது. நைட்ரோபியூரானில் ஒரு வகையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் பொருள், சில இறால்களின் ஓட்டில் இயற்கையாகவே இருப்பதாகப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். மருந்தே போடாத ஏழைப் பண்ணையாளரின் சரக்கும் ஓட்டோடு அரைத்துப் பரிசோதித்ததால் பழுதென்று ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

குளோரம்பெனிக்கோல் என்ற பெயரைக் கேட்டால் எமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வரும். நாம் மருத்துவம் படித்த காலத்தில் நெருப்புக்காய்ச்சல் அங்கே சாதாரணம். பாடப்புத்தகம் சொன்ன மருந்து குளோரம்பெனிக்கோல். வளர்ந்தவருக்கு நாளுக்கு எட்டுக் கப்சூல், பதினான்கு நாள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் மருந்து வருவதே அருந்தலாகிவிட்டது. ஒரு நோயாளிக்கு 112 கப்சூல் கொடுத்தால் அடுத்த கட்டிலில் கிடப்பவருக்கு என்ன செய்வது என்று எண்ணியெண்ணிப் பிரித்த இரவுகள் உண்டு. மருந்து கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் வந்தது. 1980களின் இறுதியில் இந்திய உபகண்டமெங்கும் குளோரம்பெனிக்கோலுக்கு மசியாத நெருப்புக்காய்ச்சல் கிருமி பரவத் தொடங்கியிருந்தது. தேடித் தேடிச் சேர்த்த கப்சூலைக் கொடுத்தபின்னும் காய்ச்சல் இறங்காத பிள்ளையின் தாய்க்கு என்ன சொல்வது? அதே மருந்தை வேறெங்கோ கிலோக்கணக்கில் இறால் தீனியில் கலந்தார்கள் என்பதைப் பல வருடங்கள் கழித்து லண்டனில் இருந்து வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், கோபம்தான் வந்தது.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். தின்பவருக்கு ஆபத்து எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் உணவுக்கான விலங்குகளில் குளோரம்பெனிக்கோலைத் தடைசெய்தது. பிரித்தானியாவிலும் அந்தத் தடை இன்றும் உண்டு. 2003 இல் வகுத்த விதிப்படி, ஒரு கிலோ இறாலில் 0.3 மைக்ரோகிராம் இருந்தாலே ஆய்வுகூடம் கண்டுபிடிக்கவேண்டும். 250 மில்லிகிராம் கப்சூல் ஒன்றில் உள்ள அளவு மருந்து உடம்புக்குள் போகவேண்டுமானால், அந்த மட்டத்தில் உள்ள இறாலில் 833 தொன் சாப்பிடவேண்டும். எமது சங்கத்தின் பொங்கல் விழாவில்கூட அவ்வளவு போகாது. கண்ணோய்க்கு இங்கே 2005 முதல் வைத்தியரின் துண்டு இல்லாமலே பாமசியில் வாங்கக்கூடிய சொட்டுமருந்தும் குளோரம்பெனிக்கோல்தான். நைட்ரோபியூரான் குடும்பத்தின் நைட்ரோபியூரான்டொயினை சிறுநீர்த் தொற்றுக்கு நாமே கிழமைதோறும் எழுதிக் கொடுக்கிறோம்.

அப்படியானால் ஏன் தடை? குளோரம்பெனிக்கோல் பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு எலும்பு மச்சையை முடக்கி இரத்தம் ஊறாமற் செய்துவிடும். இது மருந்தின் அளவைப் பொறுத்ததல்ல, அதனால் "இவ்வளவு பரவாயில்லை" என்று ஓர் எல்லை வகுக்க முடியவில்லை. நைட்ரோபியூரான்கள் பரிசோதனை விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியிருக்கின்றன. நோயாளிக்குக் கொடுக்கும்போது நன்மை இருக்கிறது, ஆபத்தை ஏற்கிறோம். இறாலில் ஒளிந்து வந்தால் நன்மை ஏதுமில்லை. தடை சரியானது. ஆனால் ஒரு கோப்பை இறால் குழம்பு தின்றதற்காக ஒரு கர்ப்பிணி இரவு நித்திரை கொள்ளாமல் இருக்கத் தேவையில்லை. சமைத்தால் மருந்து போய்விடும் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. நைட்ரோபியூரான் எச்சம் கொதிக்கவைத்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கிருமிதான் சாகும்.

எமக்கு உண்மையான பயம் அந்தக் கிருமியைப் பற்றியதே. குளத்துச் சேற்றில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும்போது சாகக்கூடிய கிருமி செத்து, சாகாதது பெருகுகிறது. அது தன் எதிர்ப்பு ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். அது வாய்க்காலுக்கு, ஆற்றுக்கு, அங்கிருந்து மனிதரின் குடலுக்கு வரும். அதற்கு விசா தேவையில்லை. 2010 ஓகஸ்டில் லான்செற் தொற்றுநோய் இதழில் வந்த ஓர் ஆய்வு எம்மைப் போன்றோரைத் திடுக்கிட வைத்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி மருந்தாக வைத்திருந்த கார்பபெனத்துக்கும் மசியாத என்டிஎம்-1 வகைக் கிருமியை அவர்கள் சென்னையில் 44 பேரிடமும், ஹரியானாவில் 26 பேரிடமும், இங்கே பிரித்தானியாவில் 37 பேரிடமும் கண்டிருந்தார்கள். இது மீன் பண்ணையிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. சென்னையில் எதிர்ப்பு முளைத்தால் லண்டனில் கட்டிலில் கிடப்பவருக்கும் மருந்து இல்லாமற் போகும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மீன் வளர்ப்பென்றாலே மருந்துதான் என்று எண்ணுவதும் பிழை. நோர்வேயில் 1987 இல் சுமார் 50 தொன் அன்ரிபயோட்டிக் சல்மன் பண்ணைகளில் கொட்டப்பட்டது. சல்மன் முள்ளந்தண்டுள்ள பிராணி, அதற்குத் தடுப்பூசி வேலை செய்யும். குஞ்சாக இருக்கும்போதே ஊசி போடத் தொடங்கினார்கள். இடைவெளி விட்டுப் பண்ணை அமைத்தார்கள். இப்போது உற்பத்தி அன்றையதைவிடப் பன்மடங்கு, பத்து இலட்சம் தொன்னுக்கும் மேல். 2015க்குப் பிந்திய வருடங்களில் அன்ரிபயோட்டிக் ஒரு தொன்னுக்கும் குறைவு. அதே சல்மனை வளர்க்கும் சிலி நாட்டிலோ 2015 இல் 500 தொன்னுக்கு மேல் போனது. மீன் ஒன்றுதான், நடத்துபவர்தான் வேறு. ஸ்கொட்லாந்து சல்மனிலும் கறை இல்லாமல் இல்லை. பூஞ்சணத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் பாவித்த மலக்கைட் கிறீன் என்ற சாயத்தை இந்நாடு 2002 இல்தான் உணவு மீனில் தடைசெய்தது. கடற்பேனைக் கொல்ல இன்றும் தீனியில் மருந்து கலக்கிறார்கள், ஐதரசன் பெரொக்சைட்டில் குளிப்பாட்டுகிறார்கள். ஆனால் இங்கே மிருக வைத்தியரின் துண்டு வேண்டும், மருந்து நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் விற்கலாம் என்ற கணக்கு வேண்டும், அரசின் மிருக மருந்துப் பணியகம் மீனை எடுத்துப் பரிசோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. கண்காணிப்பு இருப்பதால்தான் குற்றமும் எமக்குத் தெரியவருகிறது.

இப்போது புத்தளத்து விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். வைரசுக்கு அன்ரிபயோட்டிக் கொட்டியவர் அவர். பிள்ளைக்குத் தடிமனும் இருமலும் என்று வந்து, "அன்ரிபயோட்டிக் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று எம்மோடு வாதாடும் பெற்றோர் எத்தனை பேர்? தடிமனும் வைரஸ்தான். தரமாட்டோம் என்றால் முகம் சுருங்கும். "இவர் எங்கடை ஆளாயிருந்தும் தரமாட்டாராம்" என்று வெளியே கதை. கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வருபவரின் பெட்டியில் முறுக்கோடும் மிளகாய்த்தூளோடும் அமொக்சிசிலின் அட்டையும் வரும். அங்கே பாமசியில் கேட்டால் தருவார்கள். இங்கே அலுமாரியில் அரைவாசி அட்டை கிடக்கும், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இரண்டு குளிசை. சுகமானதும் நிறுத்திவிடுவது. குளத்தில் நடப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். அவருக்காவது கடன் இருந்தது.

ஒன்று சொல்லவேண்டும். எமது சொந்தக்காரர் ஒருவரின் வீட்டு அலுமாரியில் நாமே முன்னொருகால் எழுதிக்கொடுத்த மருந்தின் மிச்சத்தைக் கண்டிருக்கிறோம். வைத்தியர்களும் கேட்டவுடன் எழுதிக் கொடுத்த காலம் இருந்தது. பழியில் எமக்கும் பங்குண்டு.

கடைகளைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. அந்த அம்மா வந்துபோன கிழமை, கிழக்கு லண்டனில் எம்மவர் கடையொன்றில் இறால் வாங்கப் போனோம். பெரிய பெட்டியை உடைத்து, வெறும் பொலித்தீன் பையில் நிறுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். எந்த நாடு, பண்ணையா கடலா என்று எதுவும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் நல்ல சாமான் ஐயா, நாங்களும் இதைத்தான் சாப்பிடுறம்" என்றார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைக் காட்டச் சொன்னோம். உள்ளே போய்க் கொண்டுவந்தார், பக்கவாட்டில் நாடும் பண்ணையில் வளர்த்தது என்பதும் தெளிவாக அச்சிட்டிருந்தது. பச்சை மீனும் இறாலும் விற்கும் கடை, அதன் பெயர், பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல் அல்லது எந்த நாடு என்பதை வாங்குபவருக்குக் காட்டவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். சுப்பர்மார்க்கட்டில் அதைக் கேட்காமலே எழுதி வைக்கிறார்கள். எமது கடைகளில் கேட்பார் இல்லை என்பதால் எழுதுவதில்லை. கிலோவுக்கு இரண்டு பவுண் குறைவென்றால் நாமும் வாய் திறப்பதில்லை. பெட்டியோடு வந்த சரக்குத் துறைமுகப் பரிசோதனையைத் தாண்டி வந்ததென்று நம்ப இடமுண்டு. பெட்டியே இல்லாத சரக்கை எதைக் கொண்டு நம்புவது? சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு மொத்தமாக இறால் எடுக்கும் நிர்வாகக் குழுவினர் அடுத்த முறை பெட்டியைப் பார்த்து எடுக்கவேண்டும் என்பது எமது பகிரங்க வேண்டுகோள். ஒரு கடைக்கு எமது சங்கம் கொடுக்கும் ஓடர் சிறியதல்ல, கேட்டால் செய்வார்கள்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். மீனை நிறுத்தவேண்டாம். வாரத்தில் இரண்டு முறை மீன், அதில் ஒன்று எண்ணெய்ப்பற்றுள்ள மீன் என்பது எல்லோருக்குமான ஆலோசனை. எமது சூடையும் கானாங்கெளுத்தியும் அதில் சேரும், சல்மனும் சேரும். கர்ப்பிணிகள் எண்ணெய்ப்பற்றுள்ள மீனை வாரத்தில் இரண்டு தடவைக்குமேல் எடுக்கவேண்டாம். இறால் நன்றாக வெந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சை இறால் வெட்டிய பலகையில் சலாட் வெட்டவேண்டாம். கைகளைக் கழுவுங்கள். சுறா மட்டும் பிள்ளை பிறக்கும்வரை பொறுக்கட்டும். "அப்ப நான்தான் பிழை விட்டிட்டன்" என்று அவர் கண்கலங்கினார். ஒரு தடவை சாப்பிட்டதால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினோம். பத்து நாள் கழித்து மகள் தொலைபேசியில் எடுத்து, அம்மா இப்போது கடைக்காரரிடம் பெட்டி கேட்டுச் சண்டை பிடிக்கிறார் என்று முறையிட்டார்.

உங்கள் வீட்டு அலுமாரியில் மீந்த அன்ரிபயோட்டிக் அட்டைகள் இருந்தால், எந்த நாட்டில் வாங்கியதாயினும், பக்கத்துப் பாமசியில் கொண்டுபோய்க் கொடுங்கள். காசு வாங்காமல் எடுத்து அழிப்பார்கள். மலசலகூடத்தில் கொட்டித் தண்ணீர் இறைக்கவேண்டாம்.